வைஃபை பெட்டியில் முறை வைக்கும் விதம்

செஞ்சி வட்டத்திலே கிராம அலுவலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், நிலமுள்ள குடியானவர்கள் பலருடைய வீடுகளிலும் வைஃபை பெட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் பாரத்நெட் வேலையினால் இது இன்னும் பெருகும். ஆனால் ஒரே பெட்டியைப் பலர் உபயோகிக்கும்போது எவருடைய வேலை முன்னே போகவேண்டும் என்பதைக் குறித்து வைக்கும் ஏற்பாடு அப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றதென்பதை அறிந்தவர் வெகு சிலரே. அதைப் பற்றி இங்கே எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் கெடு முடிவதற்கு முந்தின நாள், இவ்வட்டாரத்திலுள்ள ஓர் அலுவலகத்திற்கு நான் போயிருந்தேன். அடங்கல் நகல், வங்கிப் புத்தக நகல் முதலியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது குடியானவர்கள் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கவில்லை; திறந்தாலும் காகிதத்தின் படம் ஏறவில்லை. கம்பி அறுந்துவிட்டதென்றார் ஒருவர். சர்க்கார் தளமே படுத்துவிட்டதென்றார் மற்றொருவர். பணியாளர் பெட்டியை மூன்று தடவை அணைத்துப் போட்டார். சாயங்காலத்திற்குள் பதினொருவருக்கே வேலை முடிந்தது. மற்றவர்கள் மறுநாள் நடவு வேலையை விட்டு, பஸ் கூலி கொடுத்து, வேறு ஊர்களுக்கு அலைந்தார்கள். இருவருக்குக் கெடு தவறிவிட்டது. அவ்விருவருடைய நெல்லுக்கும் அந்த வருஷம் காப்பீடு இல்லை.

பின்பு அனுமதி பெற்று அந்தப் பெட்டியைப் பரிசோதித்தேன். கம்பியும் பழுதில்லை, பெட்டியும் பழுதில்லை. அலுவலகத்தில் புதிதாக வைத்திருந்த நான்கு காமிராக்கள் இரவும் பகலும் படத்தைத் தூரத்திலுள்ள சேமிப்பிடத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஓர் ஊழியருடைய கைப்பேசி, வயல்களில் எடுத்த புகைப்படம் இருநூற்றையும் தானாகவே மேலேற்றிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்களிற் சிலர் பொழுதுபோகாமல் சினிமா பார்த்தார்கள். இவை ஒன்றும் குற்றமல்ல. எது முன், எது பின் என்று ஒருவரும் சொல்லி வைக்காததே குறை.

இதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். அந்த இணைப்பில் மேலே அனுப்பக்கூடியது வினாடிக்கு 10 மெகாபிட். காமிரா ஒன்றுக்கு 2 வீதம் நான்குக்கு 8 போய்விட்டது. மீதி 2 மெகாபிட்டையே கைப்பேசியும் கம்ப்யூட்டரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு புகைப்படம் 4 மெகாபைட், அதாவது 32 மெகாபிட். இருநூறு புகைப்படம் 6,400 மெகாபிட். அவற்றிற்கு மீதி வாய்க்கால் முழுவதும் கிடைத்தாலும் ஐம்பத்துமூன்று நிமிஷத்திற்குக் குறையாது. இனி எதிர்ப்பக்கம் பாருங்கள்: காப்பீட்டுக்குரிய ஒருவருடைய காகிதப் படங்கள் எல்லாம் சேர்ந்து 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட். வாய்க்கால் முழுவதும் அதற்கே விடப்பட்டால் ஒரு வினாடிகூட ஆகாது. முப்பது பேருடைய காகிதங்களும் மொத்தம் 24 வினாடி. அந்த 24 வினாடியை முன்னதாகக் கொடுத்திருந்தால் காமிராவுக்கும் புகைப்படத்திற்கும் யாதொரு நஷ்டமும் இல்லை. குடியானவர்களுக்கோ ஒரு நாளும், இருவருக்கு ஒரு பருவத்துக் காப்பும் மிஞ்சியிருக்கும்.

ஏரியில் தண்ணீர் சுருங்கும்போது நீர்க்கட்டி நாற்றங்காலுக்கு முதலில் மடை திறப்பது நமக்குப் புதிதன்று. நாற்றங்காலுக்குக் கொஞ்ச நீர் போதும், ஆனால் அது தாமதிக்கக் கூடாது. வைஃபை முறையும் இத்தன்மையதே. இந்த ஏற்பாடு ஒரு சொட்டுத் தண்ணீரையும் அதிகமாக்காதென்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஊருக்குப் போதாத இணைப்பை எவ்வளவு முறை வைத்தாலும் மூன்று ஊருக்கும் போதியதாக்க முடியாது.

இனி, நெருக்கடி இரண்டு இடங்களில் ஏற்படலாம். ஒன்று பெட்டிக்கும் கைப்பேசிக்கும் இடையிலுள்ள ஆகாய வழி. மற்றொன்று பெட்டியிலிருந்து வெளியே போகும் கம்பி வழி. எது குறுகலென்று பாராமல் முறை வைப்பது, தலைமதகு அடைத்திருக்கக் கடைமடையை வெட்டுவது போலாகும். கண்டுபிடிக்கும் விதம் எளிது. கம்ப்யூட்டரைக் கம்பியினால் நேரே பெட்டியோடு சேர்த்துப் பாருங்கள். அப்பொழுது வேகம் சரியானால் குறை ஆகாய வழியில். அப்பொழுதும் தாமதமானால் குறை வெளிக்கம்பியில். நான் மேலே சொன்ன அலுவலகத்தில் குறை வெளிக்கம்பியில்தான் இருந்தது.

முதலில் ஆகாய வழி. ஒரு பெட்டியின் ஒரு சானலில் ஒரு சமயத்தில் ஒருவரே பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். ஆகையால் ஒவ்வொரு கருவியும் வழி ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டு, சிறிது பொறுத்து, அதன்மேல் குலுக்கலில் விழுந்த எண்ணளவு இன்னும் பொறுத்துப் பேசும். வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒன்பது கூறு கொண்டது ஒரு பொறுப்பு அளவு. இந்தப் பொறுப்பிலேதான் முன்னுரிமை அடங்கியிருக்கிறது. 2005ஆம் வருஷத்தில் 802.11-இ என்ற நியமம் இதை வகுத்தது; அதற்கு ஒரு வருஷம் முன்பே வைஃபை அலையன்ஸ் சங்கத்தார் அதன் முக்கிய பாகத்தை டபிள்யூ.எம்.எம். என்ற பெயரால் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வகுப்புகள் உண்டு. கைப்பேசி முதலிய கருவிகளுக்கு வழக்கமாக வைக்கப்பட்டிருக்கும் அளவுப்படி, குரல் வகுப்பு 2 அளவு பொறுத்து, அதன்மேல் 0 முதல் 3 வரை ஓர் எண்ணைக் குலுக்கும். சாதாரண வகுப்பு 3 அளவு பொறுத்து 0 முதல் 15 வரை குலுக்கும். பின்னணி வகுப்பு 7 அளவு பொறுத்து 0 முதல் 15 வரை குலுக்கும். ஆகையால் முதல் முயற்சியில் குரல் 5 அளவுக்கு மேற் காத்திராது. பின்னணியோ 7 அளவுக்குமுன் வாய் திறவாது.

சிலர் இதைக் கண்டு, எல்லாவற்றையும் குரல் வகுப்பிலேயே போட்டுவிட்டால் எல்லாம் வேகமாகுமென்று நினைக்கிறார்கள். அது பெருந்தவறு. குரல் வகுப்பில் குலுக்க நான்கு எண்களே உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு கருவி குலுக்கினால் நாலில் ஒரு தடவை ஒரே எண் விழுந்து இரண்டும் மோதும். சாதாரண வகுப்பில் பதினாறில் ஒரு தடவையே அப்படி நேரும். எல்லாரும் தலைமடைக்கு வந்தால் தலைமடையே கடைமடையாகும். முதல் வகுப்புக்குத் தொலைபேசிப் பேச்சும், அதிகாரிகளோடு நடக்கும் காணொலிக் கூட்டத்தின் குரலும் போதும்.

மற்றொரு தவறும் உண்டு. டபிள்யூ.எம்.எம். என்பதை அணைத்தால் வேகம் கூடுமென்று யாரோ சொல்லக் கேட்டு அணைத்துவிடுகிறார்கள். 2009இல் வந்த 802.11-என் நியமம் முதற்கொண்டு அதிவேகத்திற்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது. இதை அணைத்தால் புதிய பெட்டியும் பழைய 54 மெகாபிட் வேகத்திற்கு இறங்கிவிடும். ஆகையால் அது திறந்தே இருக்கட்டும்; பொறுப்பு எண்களையும் தொடவேண்டாம்.

எந்த வகுப்பில் சேர்ப்பதென்று பெட்டி எப்படி அறியுமெனில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தலையிலும் 0 முதல் 63 வரை ஓர் எண் குறிக்க இடமுண்டு. குரலுக்கு வழக்கமான குறி 46. பல கருவிகள் இந்த எண்ணை 8 ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்துக்கொள்ளும். 46ஐ 8 ஆல் வகுக்க ஈவு 5. ஆனால் வைஃபை கணக்கில் 6, 7 என்பவையே குரல். 4, 5 வீடியோ. 0, 3 சாதாரணம். 1, 2 பின்னணி. இதனால் குரலுக்கென்று குறியிட்டது வீடியோ வகுப்பில் போய் நின்றுவிடும். இந்தப் பிசகை நீக்க 46ஐ 6ஆம் எண்ணில் சேர்க்கும்படி 2018இல் இணைய நியமம் வகுக்கும் சபையார் எழுதி வைத்தார்கள். அலுவலகத்துக்கென்று விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும். 46க்கு எதிரே 6 என்று போடுக. வீட்டுப் பெட்டிகளில் அது கிடையாது. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. இந்தக் குறியைக் கருவிகள் தாமே இட்டுக்கொள்பவை என்பதும் நினைவில் இருக்கட்டும். தன் நன்செய் முழுவதையும் நாற்றங்கால் என்று சொல்லிக்கொள்ளும் ஆசாமியை ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

ஆகாய வழியைப் பற்றி இன்னும் ஒன்று. தூரத்திலிருந்து மெதுவாகப் பேசும் ஒரு கைப்பேசி, அருகிலுள்ள பத்துப் பேருடைய நேரத்தை விழுங்கும். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களின் கருங்கற் சுவர்களும், தகரக் கூரையும், இரும்பு பீரோவும் அலையைத் தடுப்பவை. பெட்டியைப் பீரோவின்மேல் மூலையில் ஒளித்து வைத்துவிட்டு முன்னுரிமையைப் பற்றி யோசிப்பதில் பிரயோஜனமில்லை. நடுக் கூடத்தில், ஆள் உயரத்திற்கு மேல், எதிரே மறைப்பில்லாமல் வையுங்கள். கடைத்தெருவில் பல பெட்டிகள் இருக்குமிடத்தில் 1, 6, 11 என்ற சானல்களில் ஓய்ந்திருப்பதைத் தேர்ந்துகொள்க. எல்லாவற்றிற்கும் மேலாக, காப்பீடு, பட்டா, கொள்முதல் பதிவு ஆகியவை நடக்கும் கம்ப்யூட்டரைக் கம்பியினாலேயே பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். ஆகாய வழிக்கு இரண்டு கஜம் கம்பியைப் போன்ற மருந்து வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி வெளிக்கம்பி. இங்கே டபிள்யூ.எம்.எம். உதவாது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் கியூ.ஓ.எஸ். அல்லது பேண்ட்விட்த் கண்ட்ரோல் என்ற பெயரில் வேறோர் ஏற்பாடு இருக்கும். அப்பக்கத்தைத் திறக்கவேண்டிய முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. முதல் வேலை, ஒருவரும் உபயோகிக்காத விடியற்காலையிலும், வேலை மிகுந்த நண்பகலிலும் மேலேறும் வேகம், கீழிறங்கும் வேகம் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்வது. குறைந்த அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்க. அதில் பத்தில் ஒன்பது பங்கைப் பெட்டியில் எல்லையாக எழுதவேண்டும். 10 கிடைத்தால் 9. கிடைப்பதை ஏன் குறைப்பது என்று கேட்பார்கள். முழு அளவையும் விட்டால், நெரிசலின் வரிசை நம் பெட்டிக்கு அப்பால் கம்பெனியாருடைய கருவியில் நிற்கும். அங்கே நமக்கு அதிகாரமில்லை. சிறிது குறைத்தால் அந்த வரிசை நம் பெட்டிக்குள்ளேயே நிற்கும். அதை நாம் ஒழுங்கு செய்யலாம். மதகு நம் கையில் இருப்பதற்காகக் கொடுக்கும் விலை அந்தப் பத்தில் ஒரு பங்கு.

அதன்பின், ஜனங்களின் வேலை நடக்கும் கம்ப்யூட்டரை முதல் வரிசையிலும், காணொலிக் கூட்டத்தை அதற்கடுத்தும், கைப்பேசிகளைச் சாதாரணத்திலும், காமிராக்களைக் கடைசியிலும் குறிக்கலாம். காமிராக்களுக்குச் சேர்ந்து 3 மெகாபிட் என்று ஒரு மேலெல்லையும் வைப்பது நலம். காமிராவிலேயே படத்தின் தரத்தைச் சற்றுக் குறைத்தால் அதற்குள் அடங்கும். புகைப்படம் ஏற்றுவதை இரவுக்கு மாற்றிவிடலாம்.

பலன் உண்டா என்று பார்க்க, ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பிங் என்னும் சோதனையைச் செய்யுங்கள். ஓய்ந்த வேளையில் 30 மில்லி வினாடியில் வரும் பதில், ஏற்றும் வேளையில் 500ஐத் தாண்டினால் வரிசை இன்னும் ஒழுங்காகவில்லை. எல்லையை இன்னும் சிறிது குறைக்க வேண்டும். 60, 70க்குள் நின்றால் போதும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விஷயம். எந்த வேலை முதல் என்பதைப் பெட்டியைப் பொருத்த வருபவர் தீர்மானிக்கக் கூடாது. ஊராட்சியிலோ சங்கத்திலோ பேசி, காகிதத்தில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். நான் மேற்படி அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, காமிராவைக் கடைசியில் வைப்பதற்கு ஆட்சேபம் எழுந்தது. திருட்டு நடந்தால் என்ன செய்வதென்பது நியாயமான கேள்வியே. காமிராவுக்குள் ஒரு நினைவு அட்டை போட்டு, படம் முதலில் அங்கே பதிந்து, பிறகு இரவில் போகும்படி செய்தோம். ஆட்சேபித்தவரே அட்டைக்குரிய பணத்தையும் அனுமதித்தார். அடுத்த சம்பாவில் கெடுவுக்கு முந்தின நாளும் அங்கே போயிருந்தேன். கூட்டம் முன்போலவே இருந்தது; மத்தியானத்திற்குள் கலைந்துவிட்டது.

அமைப்பை மாற்றுமுன் பழைய அமைப்பைக் குறித்துக்கொள்ள மறக்கவேண்டாம். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெட்டியின் அடியிலுள்ள சிறு துளையில் ஊசியால் குத்தினால் செய்தது எல்லாம் அழிந்துபோகும். மென்பொருள் புதுப்பிக்கும்போதும் சில பெட்டிகளில் அவ்வாறே ஆகும். ஒட்டிவைத்த காகிதம் அப்பொழுது உதவும். சந்தேகமுள்ளவர்கள் பெட்டியின் பெயரையும் எண்ணையும், விடியற்காலையிலும் நண்பகலிலும் அளந்த வேகங்களையும் எழுதிக்கொண்டு செஞ்சி வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு வரலாம். பெட்டியைக் கழற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை.