இருட்டு இல்லாத பயம்

தமிழில் பேய்ப்படங்களின் பயத்துக்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. ‘ஈரம்’ (2009), ‘காஞ்சனா’ (2011) இரண்டிலும் கொல்லப்பட்டவரே பழிவாங்க வருகிறார். கணக்குத் தீர்ந்ததும் பயமும் தீர்ந்துவிடும். பார்வையாளன் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

என்னைப் பொறுத்தவரை ஆகப் பயங்கரமான காட்சிகள் வெற்றிமாறனின் ‘விசாரணை’யில்தான் (2016) இருக்கின்றன. மு.சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவல்தான் அதற்கு மூலம். குண்டூரில் கூலிவேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களைப் போலீஸ் பிடித்துப்போய் அடிக்கிறது. ‘ஒத்துக்கோ’ என்கிறார்கள், எதை என்று சொல்வதில்லை. பாஷையும் புரிவதில்லை. இங்கே பேயும் இல்லை, பழியும் இல்லை. அடிப்பது அன்றாட ஆபீஸ் வேலை. பேய் வந்தா ஸ்டேஷனுக்கு ஓடலாம். ஸ்டேஷன்லேர்ந்து எங்க ஓட?

ஆறுமுகநேரிக்காரனான நான் இதை வெறும் படமாகப் பார்க்க முடியாது. எங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப்போன தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர், ஸ்டேஷனின் சிசிடிவி பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். கேமரா இருந்தது, காட்சி இல்லை. விடிய விடிய அடித்ததை அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர்தான் சாட்சி சொன்னார்.

அதிகாரம் அழிக்கும் காட்சி எதுவோ, அதைத்தான் ‘விசாரணை’ நம் முன் வைக்கிறது. ‘ரொம்பக் கொடூரம்பா, பாக்க முடியல’ என்கிற நண்பர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: நாம் பார்க்காமலிருப்பது யாருக்கு வசதி?