ஆயிரமாயிரமாகக் கொட்டி வாங்கும் கியூ... பந்தைத் தொடுவதோ துளித் தோல்!

டாம் க்ரூஸ் ரசிகர்களுக்கு 'தி கலர் ஆஃப் மணி' படம் ஞாபகமிருக்கும். 1986-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கத்தில் வந்தது. பூல் மேஜையில் பந்தயம் கட்டி ஆடிப் பழுத்த பெரியவராக பால் நியூமேன். திறமையும் திமிரும் சரிபாதியாகக் கலந்த பையனாக டாம் க்ரூஸ். ஒரு கட்டத்தில் பெரியவர் அந்தப் பையனிடம் ஒரு கியூவைக் கொடுப்பார். அது 'பலபுஷ்கா' என்று தெரிந்ததும் பையனின் முகமே மாறிவிடும்.

படம் நியூமேனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதுவரை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த பலபுஷ்கா என்ற பெயரை ஊர் உலகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் வருவது அசல் பலபுஷ்காவே அல்ல. அதன் சாயலில் ஜாஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்துகொடுத்த கியூ அது. அசலைக் கொடுத்து, சிலம்பம்போலச் சுழற்றி நடிக்கச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

ஜார்ஜ் பலபுஷ்கா 1912-ல் ரஷ்யாவில் பிறந்தவர். சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் மரவேலை பார்த்தார். 1959-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து பூல் கூடம் ஒன்றை வாங்கினார். வாடிக்கையாளர்களின் பழுதான கியூக்களைச் சரிசெய்து கொடுப்பதில் ஆரம்பித்தது அவரது கைவேலை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் சிலருக்குத் தானே கியூ செய்து பரிசளித்தார். ஆடிப் பார்த்தவர்கள் வாய்வழியாகப் புகழ் பரப்ப, அதுவே முழுநேரத் தொழிலாகிவிட்டது. 1975-ல் இறக்கும்வரை அவர் செய்தவை ஏறக்குறைய ஆயிரம் கியூக்கள். இன்று ஒவ்வொன்றும் பல லட்ச ரூபாய்க்குக் கைமாறுகிறது.

இதில் ஒரு சேதி பலருக்குத் தெரியாது. அவருடைய ஆரம்பகாலக் கியூக்கள் பலவற்றின் பின்பாதிக்கு, ப்ரன்ஸ்விக் நிறுவனம் தயாரித்த 'டைட்லிஸ்ட்' கட்டைகளைத்தான் அவர் பயன்படுத்தினார். மரம் வெளியிலிருந்து வந்தது. கடைந்த கை மட்டும் அவருடையது.

"ஒரு குச்சிக்கா இவ்வளவு?"

நம் ஊர் பார்லரில் ஆடிப் பழகிய பையனோ பெண்ணோ ஒருநாள் வீட்டில் வந்து சொந்தக் கியூ வேண்டும் என்பார்கள். மொபைலில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பளபளக்கும் கருங்காலி, நடுவில் முத்துச்சிப்பி வேலைப்பாடு, கீழே தோல் உறை போட்ட கைப்பிடி. விலையைக் கேட்டதும் அம்மா, "ஒரு குச்சிக்கா இவ்வளவு?" என்பார்.

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த வேலைப்பாடுகளில் ஒன்றுகூடப் பந்தைத் தொடுவதில்லை. ஏறக்குறைய ஐந்தடி நீளக் கியூவில் பந்தைத் தொடுவது நுனியில் ஒட்டியிருக்கும் 13 மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டு ஒன்றுதான். அதன் பெயர் டிப். அதுவும் எவ்வளவு நேரம் தொடுகிறது? சுமார் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையின் திறமை, மரத்தின் தரம், கொடுத்த காசு எல்லாம் அந்த ஒரு கணத்தில், அந்தத் தோல் வழியாகத்தான் பந்துக்குப் போயாக வேண்டும்.

அதற்காக நல்ல கியூ வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது. ரெடிமேட் சட்டைக்கும் தையல்காரர் அளவெடுத்துத் தைக்கும் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடைக் கியூவுக்கும் கஸ்டம் கியூவுக்கும். எந்த அளவைக் கேட்டு வாங்குவது என்று தெரியாமல் காசு கொடுத்தால், பூ வேலை செய்த சட்டை கிடைக்கும், தோள்பட்டை பிடிக்கும்.

எதை அளப்பது?

பூல் கியூ வழக்கமாக 58 அங்குல நீளம். மிக உயரமானவர்களும் கை நீண்டவர்களும் இன்னும் ஓரிரு அங்குலம் கேட்கலாம். எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 510 முதல் 595 கிராம். "எடை கூடினால் அடி பலமாக விழும்" என்று நினைப்பவர்கள் நிறைய. கை வேகமாக வீசவும் வேண்டுமே! கனமான கியூவை மெதுவாக வீசினால் லாபம் ஒன்றுமில்லை. பெரும்பாலானோர் 19 அவுன்ஸ் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

எடையைவிட முக்கியம், அது எங்கே இருக்கிறது என்பது. கியூவை ஒரு விரலில் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அடிப்பக்கத்திலிருந்து 18, 19 அங்குலம் தள்ளி இருப்பது சாதாரணம். அது முன்னே வந்தால் நுனி கனக்கும். பின்னே போனால் நுனி மிதக்கும். ஒரே எடையுள்ள இரண்டு கியூக்கள் கையில் வெவ்வேறு ஆட்கள்போல நடந்துகொள்வது இதனால்தான்.

கியூ இரண்டு பாதிகளாகக் கழன்று வரும். முன்பாதி ஷாஃப்ட், பூல் கியூவில் பெரும்பாலும் மேப்பிள் மரம். பின்பாதி பட். காசு கொட்டும் வேலைப்பாடு எல்லாம் பட்டில். ஆட்டத்தைத் தீர்மானிப்பது ஷாஃப்ட். பந்தின் வலப்பக்கம் அடித்தால் பந்து நேராகப் போகாது, கொஞ்சம் இடப்பக்கம் விலகும். ஷாஃப்டின் நுனிப்பகுதி கனமாக இருந்தால் விலகல் அதிகம். இலேசாக இருந்தால் குறைவு. நுனிக்குள் துளையிட்டு எடை குறைத்த ஷாஃப்ட்களும், மரத்தையே விட்டுவிட்டுக் கார்பன் ஃபைபரில் செய்த ஷாஃப்ட்களும் வந்தது இதற்காகத்தான்.

புது ஷாஃப்ட் வாங்கிய மறுநாளே ஆட்டம் மேம்பட்டுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழைய கியூவின் விலகலுக்கு ஏற்பக் கண்ணும் கையும் பல வருடம் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை மறந்து புதிதாகக் குறி வைக்கப் பழக சில வாரங்கள் பிடிக்கும். போட்டிக்கு முதல் நாள் கியூ மாற்றுவது கல்யாணத்தன்று புதுச் செருப்பு போடுவதுபோல.

சிறையில் பிறந்த தோல்

சரி, டிப்புக்கு வருவோம். இருநூறு வருடங்களுக்கு முன்பு கியூவின் நுனியில் தோல் கிடையாது. வெறும் மரம். பந்தின் நட்டநடுவில் அடித்தால் சரி. கொஞ்சம் தள்ளி அடித்தால் வழுக்கிவிடும். 1800-களின் தொடக்கத்தில் ஃப்ரான்ஸ்வா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர், பாரிஸில் சிறைப்பட்டிருந்த காலத்தில் பில்லியர்ட்ஸ் ஆடி ஆடி, நுனியில் தோலை ஒட்டும் யோசனைக்கு வந்தார். விடுதலை நாள் வந்தபோது, ஆராய்ச்சி முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று அவரே கேட்டாராம். கதை நிஜமோ இல்லையோ, தோல் வந்த பிறகுதான் பந்தைப் பின்னால் இழுக்கவும் பக்கவாட்டில் சுழற்றவும் மனிதர்களுக்குக் கைவந்தது.

அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதி தூரம்வரை அடிக்கலாம். பூல் பந்தில் அது 14 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் டிப் வழுக்கி 'டக்' என்று ஒரு அசிங்கமான சத்தம் வரும். அதுதான் மிஸ்க்யூ. அந்தப் பாதி ஆரம்வரை பிடிப்பு தருவது தோலும், அதன்மேல் தேய்க்கும் சாக்கும் சேர்ந்துதான். பெயரை வைத்து அதைப் பள்ளிக்கூட சாக்பீஸ் என்று நினைக்க வேண்டாம். வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் 1897-ல் காப்புரிமை பெற்ற அந்தச் சாக்கில் இருப்பது, மணலில் உள்ள சிலிக்காவும் குருந்தக்கல் தூளும்.

கடையில் டிப் கேட்டால் முதல் கேள்வியே "சாஃப்டா, மீடியமா, ஹார்டா?" என்பதுதான். சாஃப்ட் டிப் போட்டால் பந்து அதிகம் சுழலும் என்பது பார்லர்களில் வேதவாக்கு. பரிசோதித்துப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சுழற்சியை முடிவு செய்வது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதுதான். வழுக்காதவரை, டிப் மென்மையா கடினமா என்பது பெரிய வித்தியாசம் செய்வதில்லை. ஆனால் சாஃப்ட் டிப் சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஓரத்தில் அடிக்கத் தைரியம் வரும். அதை நம்பி ஓரத்தில் அடிப்பவருக்குச் சுழற்சி கூடுகிறது. பெயர் டிப்புக்குப் போகிறது!

சாஃப்ட் டிப்பின் குறை வேறு. அடிக்க அடிக்க நசுங்கி, காளான் குடைபோல ஓரம் வெளியே பிதுங்கும். அடிக்கடி செதுக்க வேண்டும், சீக்கிரம் தேயும். ஹார்ட் டிப் வடிவம் மாறாது. சாக் பூச மறந்தால் மன்னிக்காது. முதல் கியூ வாங்குபவருக்கு மீடியம்தான் பாதுகாப்பு.

இரண்டாவது கேள்வி, ஒரே தோலா அடுக்குத் தோலா? எல்க் மாஸ்டர் போன்றவை ஒரே துண்டுத் தோலை அழுத்திச் செய்தவை. விலை குறைவு. ஒரு பெட்டியில் வாங்கினால் ஒன்று கல்போல இருக்கும், இன்னொன்று பஞ்சுபோல இருக்கும். மூரி, கமுய் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளில் மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். விலை பல மடங்கு. இன்று வாங்கியதும் அடுத்த வருடம் வாங்குவதும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதிக்குத்தான் அந்தக் காசு.

அமெரிக்காவில் சில ஆட்டக்காரர்களிடம் ஒரு கைப்பக்குவம் உண்டு. எல்க் மாஸ்டர் டிப்பைப் பாலில் ஒரு நாள் ஊறப்போட்டு, பட்டறை வைஸில் வைத்து இறுக்கி, காயவிட்டு எடுப்பார்கள். மென்மையான டிப் இறுகிக் கெட்டிப்படும். பால் புரதம் தோலின் நார்களைப் பிணைக்கிறது என்பது ஒரு கட்சி. பாலாவது மோராவது, வேலை செய்வது வைஸ்தான் என்பது மறு கட்சி. எந்தக் கட்சியானாலும் செலவு அரை டம்ளர் பால்தான்.

பழைய கியூவா? கவனம்!

டிப்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை வளையம் இருக்கும். ஃபெரூல் என்பார்கள், அடியின் அதிர்ச்சியில் மரம் பிளக்காமல் காப்பது அதன் வேலை. பழைய கஸ்டம் கியூக்கள் பலவற்றில் இது யானைத் தந்தம். பட்டில் பதித்த வேலைப்பாடும் தந்தமாக இருக்கலாம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய 1989-ல் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. இந்தியாவில் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து பழைய கியூ தருவிக்க ஆசைப்படுபவர்கள், அதில் தந்தம் இல்லை என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பக் கூடாது. ரோஸ்வுட் இனத்து மரங்களுக்கும் இப்போது ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உண்டு. இன்று ஃபெரூலுக்கு நல்ல செயற்கைப் பொருள்கள் வந்துவிட்டன. ஆட்டத்துக்காகத் தந்தம் தேவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்னூக்கரின் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி வைக்கப்பட்டன. அந்த உறவோ என்னவோ, இங்கே பல பார்லர்களில் ஸ்னூக்கர் மேஜையும் பூல் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கையில் கிடைத்த கியூவை எடுத்து இரண்டிலும் ஆடுகிறார்கள். ஸ்னூக்கர் கியூவின் டிப் 9, 10 மில்லிமீட்டர்தான், பந்தும் சிறியது. அதை வைத்துக் கனமான பூல் பந்துக் குவியலை உடைத்தால் டிப் பிய்ந்துபோகும், மெல்லிய நுனியும் அடிவாங்கும். இரண்டையும் ஆடுபவருக்கு இரண்டு கியூ வேண்டும், வேறு வழியில்லை.

வாங்கும்போது ஒரு சோதனை. ஷாஃப்டைத் தனியாக, பட்டைத் தனியாக, பிறகு இரண்டையும் மாட்டி, சமதளத்தில் உருட்டிப் பாருங்கள். நுனி துள்ளினால் வளைந்திருக்கிறது. தனித்தனியே நேராக உருண்டு, மாட்டியபின் துள்ளினால் கோளாறு ஜாயின்ட்டில். வீட்டுக்கு வந்தபின் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலும் கடலோர ஈரப்பதமும் மேப்பிளுக்கு எதிரி.

இவ்வளவும் படித்தபின் பட்ஜெட் இடிக்கிறதா? அப்படியானால் கியூவை விடுங்கள். கையில் இருக்கும் நேரான, சாதாரணக் கியூவுக்கு ஒரு நல்ல அடுக்குத் தோல் டிப் போடுங்கள். லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்தால், பழைய பசையை முழுதாகச் சுரண்டி, ஃபெரூலின் முகத்தைச் சமப்படுத்தி ஒட்டித் தருவார். ஓர் இரவு காயட்டும். அவசரப்பட்டு அன்று மாலையே ஓங்கி அடித்தால் டிப் ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமும் பறக்கும்.

காய்ந்ததும் தட்டையாக ஆடக் கூடாது. தலையை வளைவாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இதற்கு அளவு, அவர்களின் நிக்கல் நாணயத்தின் விளிம்பு. நம் ஒரு ரூபாய் நாணயமும் ஏறக்குறைய அதே வட்டம்தான். உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு வளைவும் பொருந்தியதும் சாக்கை எடுக்கலாம்.