இரண்டு வீடு, ஒரு புத்தகப் பை



"உனக்கு அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா?" இந்தக் கேள்வியைக் கேட்காத அத்தையோ மாமாவோ நம் ஊரில் உண்டா? நீங்களும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். ஆனால், அப்பா ஓர் ஊரிலும் அம்மா வேறோர் ஊரிலுமாகப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. தொண்டை அடைத்துக்கொள்ளும்.

உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். வாரம் முழுவதும் ஆலங்குளத்தில் அம்மாவும் ஆச்சியும். சனிக்கிழமை இராஜபாளையம் பஸ் ஏறினால் அப்பா வீடு. திங்கட்கிழமை காலை டீச்சர் கணக்கு நோட்டைக் கேட்பார். நோட்டு இராஜபாளையத்தில் இருக்கும்; பையன் ஆலங்குளத்தில் திருதிருவென விழித்துக்கொண்டு நிற்பான்! பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு இந்தத் திங்கட்கிழமைகள் நன்றாகத் தெரியும்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பார்கள். 'நான் குறும்பு செய்ததால்தானோ? மார்க் குறைந்ததால்தானோ அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள்?' இல்லை, கண்ணுகளா! பெரியவர்கள் பிரிவது பெரியவர்களுக்குள் நடந்த விஷயத்தால். அதில் உங்கள் தப்பு எதுவும் கிடையாது. விவாகரத்து ஆனால் அவர்கள் கணவன் மனைவி இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அவர் அப்பாதான், இவர் அம்மாதான்.

பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டால் நல்லது. முடியாவிட்டால் நீதிமன்றம். நம் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, தெரியும்தானே? இப்படிப்பட்ட வழக்கில் நீதிபதி முதலில் பார்ப்பது அப்பாவின் கோபத்தையோ அம்மாவின் கண்ணீரையோ அல்ல. பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான்.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மூன்று குழந்தைகள் யாரிடம் இருப்பது என்பதுதான் பிரச்சினை. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வீட்டையும் நகையையும் பங்கு போடலாம். பிள்ளையைப் பங்கு போட முடியுமா? நேரத்தைத்தான் பங்கு போடலாம். வார நாளெல்லாம் ஒருவரிடம், சனி ஞாயிறு மற்றவரிடம். முழு ஆண்டு விடுமுறையில் பாதி இங்கே, பாதி அங்கே. தீபாவளி ஒரு வீட்டில், பொங்கல் இன்னொரு வீட்டில். இப்படிக் குடும்பத்துக்குக் குடும்பம் ஏற்பாடு மாறும்.

அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தால் என்ன செய்வது? 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதற்கும் வழி சொன்னது. வேறு காரணம் இல்லாதபோது, பிள்ளையைத் தன்னிடம் வைத்திராத பெற்றோர் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடமாவது பிள்ளையுடன் பேச உரிமை உண்டாம். வீடியோவில் முகம் பார்த்தும் பேசலாம்.

இது பெரியவர்களின் உரிமை மட்டுமல்ல. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை செய்தது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. பிரிந்து வாழும் அப்பா, அம்மா இருவரோடும் தொடர்ந்து பழகுவது பிள்ளையின் உரிமை என்று அதில் இருக்கிறது. பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்றால் மட்டும் விலக்கு. ஆகவே, ஒரு வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் மறைக்க வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும், கட்டணம் இல்லை.

"நீதிபதி என்னைக் கூப்பிட்டால்?" என்று பயப்படுகிறீர்களா? யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் தன் அறையில் உட்கார வைத்து மெதுவாகப் பேசுவார். மனதில் பட்டதைச் சொன்னால் போதும். முடிவு எடுக்கும் பாரம் அவருடையது, உங்களுடையது அல்ல.

இன்னொரு பாரமும் உங்களுக்கு வேண்டாம். அதுதான் தூது போவது. "ஃபீஸ் பணம் எப்போ தருவாராம்னு உங்க அப்பாகிட்டே கேளு" என்பார் அம்மா. "உங்க அம்மா வீட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்க?" என்பார் அப்பா. அங்கே கேட்டதை இங்கே சொல்லி, இங்கே கேட்டதை அங்கே சொல்லி, கடைசியில் இருவரிடமும் திட்டு வாங்குவது யார்? நீங்கள்தான்! "அதை நீங்களே போனில் கேட்டுக்கோங்கம்மா, எனக்கு ஹோம் ஒர்க் இருக்கு" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கணக்கு நோட்டையும் வெள்ளிக்கிழமை இரவே பைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.