தூக்குக்குண்டை மலை இழுக்குமா?

போடிநாயக்கனூரில் உறவினர் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகளெல்லாம் விடியுமுன்னே போடிமெட்டுக்கு ஏறிப் போயிருந்தன. கொத்தனார் சுவர் உச்சியில் கட்டையை வைத்துத் தூக்குக்குண்டை இறக்கினார். குண்டு கொஞ்ச நேரம் ஆடியது, சுற்றியது, அடங்கியது. ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுவரை உரசவும் இல்லை, விலகவும் இல்லை. சுவருக்குப் பின்னால், மேற்கே, மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்பி நின்றது.

"ஏண்ணே, இத்தாம் பெரிய மலை பக்கத்துல நிக்குதே, குண்டைத் தன் பக்கம் இழுக்காதா?" என்று கேட்டேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "மலை எங்கிட்டுத் தம்பி இழுக்கும்? கீழ இருக்க மண்ணுல்ல இழுக்குது."

அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய பெரிய ஆட்கள் அவர் கட்சிதான். கனமான பொருள் பிரபஞ்சத்தின் நடுவை நோக்கிப் போவது அதன் இயல்பு என்றார் அரிஸ்டாட்டில். 1150-ல் 'சித்தாந்த சிரோமணி' எழுதிய இரண்டாம் பாஸ்கரர் அவரைவிட ஒரு படி மேலே போனார். பூமிக்கே ஈர்க்கும் சக்தி இருக்கிறது, அது இழுப்பதைத்தான் நாம் விழுவதாக நினைக்கிறோம் என்றார். அப்படியானால் பூமி ஏன் விழவில்லை என்ற கேள்விக்கும், சுற்றிலும் ஒரே மாதிரி வெளி, அது எங்கே விழும் என்று பதில் வைத்திருந்தார். நல்ல பதில். ஆனால் 'நியூட்டனுக்கு 500 வருடம் முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம்' என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பாஸ்கரர் சொன்னது பூமி இழுக்கிறது என்பதை. நியூட்டன் 1687-ல் 'பிரின்கிபியா'வில் சொன்னது வேறு சரக்கு: உலகிலுள்ள ஒவ்வொரு துகளும் மற்ற ஒவ்வொரு துகளையும் இழுக்கிறது. பூமி, நிலா மட்டுமல்ல. மலை, சுவர், கொத்தனார் எல்லாமே. இரண்டு கருத்துகளும் வேறு வேறு என்பதைக் காட்டும் சோதனைதான் மலையடிவாரத்தில் தொங்கும் குண்டு. பாஸ்கரர் கணக்கில் அது நேர்கீழே நிற்கும். நியூட்டன் கணக்கில் மலைப் பக்கம் சாயும்.

எவ்வளவு சாயும்? நியூட்டனே போட்டுப் பார்த்தார். சுமார் 5 கிலோமீட்டர் உயரமுள்ள அரைக்கோள மலை, குண்டை 2 கலைகூட இழுக்காது என்றார். பஞ்சாங்கத்தில் வரும் அதே பாகை, கலை, விகலைதான். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. விகலை எவ்வளவு சின்னது என்பதைப் போடிக்காரர்களுக்கு அவர்கள் சரக்கை வைத்தே சொல்லலாம். 8 மில்லிமீட்டர் ஏலக்காய் ஒன்றை 1,650 மீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். அது கண்ணில் அடைக்கும் கோணம் ஒரு விகலை.

சாய்வு சிறியது என்பது பாதிச் சிக்கல்தான். நூலே சாய்ந்துவிட்டால், சாய்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது? ரசமட்டம் வைத்தால் அதுவும் நூலோடு சேர்ந்து அதே பொய்யைச் சொல்லும். அதனால் நட்சத்திரத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மலை எதை இழுத்தாலும் நட்சத்திரத்தின் திசையை மாற்ற முடியாதல்லவா?

1738-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் பூகே தென் அமெரிக்காவின் சிம்பராசோ மலையில், பனியில் விறைத்துக்கொண்டு இதை முயன்றார். சாய்வு இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மலைக்குள் பொந்து இருக்குமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம். 1774-ல் பிரிட்டன் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்குப் போனார். 1,083 மீட்டர்தான், நம் ஏலமலைகளுக்கு முன்னால் குட்டி. மலையின் தெற்கே ஓர் இடம், வடக்கே ஓர் இடம். இரண்டிலும் தூக்குநூலை வைத்து அதே நட்சத்திரங்களை அளந்தார். பூமி உருண்டை என்பதால், தரையில் அளந்த தூரத்தின்படி இரண்டு இடங்களுக்கும் சுமார் 43 விகலை வித்தியாசம் வரவேண்டும். நட்சத்திரங்கள் 54.6 விகலை என்றன. அதிகப்படியான 11.6 விகலை, இரு பக்கமும் மலை நூலை இழுத்த இழுப்பு. பக்கத்துக்கு ஆறு ஏலக்காய்!

அந்த மலையின் எடையைக் கணக்கிட சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியர் உட்கார்ந்தார். ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துப் பார்த்தார். இன்று மலைப்பகுதி வரைபடங்களில் நெளிநெளியாக ஓடும் சமஉயரக் கோடுகளை அந்த வேலைக்குத்தான் அவர் பயன்படுத்தினார். மலையின் இழுப்பைப் பூமியின் இழுப்போடு ஒப்பிட்டதில், பூமி தண்ணீரைவிட நாலரை மடங்கு அடர்த்தி என்று விடை வந்தது. இன்றைய கணக்கு ஐந்தரை.

கதை இங்கே முடிந்திருந்தால் நியூட்டனுக்கு மாலை போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். இந்தியாதான் அதைக் கெடுத்தது.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலியால் முதல் கோட்டை அளந்தார். முக்கோணம் மேல் முக்கோணமாக அடுக்கி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரை போன மாபெரும் நில அளவை அது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் முடித்துவைத்தார். அதில் வடக்கே காலியானா, அதற்கு 600 கிலோமீட்டர் தெற்கே கல்யாண்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே கணக்கு உதைத்தது. நிலத்தில் அளந்தது ஒன்று, நட்சத்திரம் சொன்னது ஒன்று. வித்தியாசம் 5.236 விகலை, தரையில் 160 மீட்டர். அந்தத் துல்லியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது மானப் பிரச்சினை.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட் கணிதத்தில் புலி. இமயமலை குண்டை இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டார். வந்ததோ 15.885 விகலை. கண் முன்னால் அத்தனை பெரிய மலை நிற்கிறது, இழுப்பு மூன்றில் ஒரு பங்குதான்! மீதி எங்கே?

1855-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி பதில் சொன்னார். மலை தரைமேல் வைத்த பாரம் அல்ல, மிதக்கிறது. தண்ணீரில் கிடக்கும் மரக்கட்டைகளில் எது அதிகம் மேலே துருத்துகிறதோ, அதுதான் அடியிலும் ஆழமாக இறங்கியிருக்கும். இமயமலைக்கும் அப்படி லேசான பாறையாலான வேர் ஒன்று கீழே இருக்கிறது. அது கனமான பொருளை விலக்கிவிட்டு அந்த இடத்தில் இருப்பதால், மேலே மலை கூட்டிய இழுப்பைக் கீழே வேர் கழித்துவிடுகிறது. பூகேயின் பொந்துக்கும் விளக்கம் கிடைத்தது.

சந்தேகம் தீர, ஊசலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் அதே நில அளவையைச் சேர்ந்த கேப்டன் பசேவி. ஈர்ப்பு குறைந்த இடத்தில் ஊசல் சோம்பும், கூடிய இடத்தில் சுறுசுறுப்பாகும். 1865 முதல் தென்கோடியிலிருந்து வடக்கு வரை ஊர் ஊராக அதன் ஆட்டத்தை எண்ணினார். கடலோரத்தில் எதிர்பார்த்ததைவிட இழுப்பு கூடுதல், இமயத்தில் குறைவு. 1871-ல் லடாக்கின் மோரே சமவெளியில், குளிரில், அளந்துகொண்டிருந்த இடத்திலேயே இறந்துபோனார். ஒரு ஊசலின் ஆட்டத்துக்காக உயிர் விட்ட மனிதர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் எங்கும் கண்ணில் பட்டதில்லை.

  

பசேவி ஊசலோடு அலைந்து பிடித்த விஷயத்தின் வேறொரு முகம் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவு. அதனால் அங்கே கடல் மட்டமே, பூமிக்கு வரைந்த சீரான கணித வடிவத்தைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. ஆழத்திலிருந்து எழும் சூடான, லேசான பொருள் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2023-ல் விளக்கினார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தென்தமிழ்நாடு இருக்கிறது. போடி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். செயலியில் உயரம் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து உண்மையான உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டும். போன் ரிப்பேர் இல்லை. அது கணித வடிவத்திலிருந்து அளக்கிறது, நாம் கடலிலிருந்து அளக்கிறோம்.

சாயங்காலம் கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடி போய் நின்றேன். ஷிஹாலியன் அளவுக்கே 6 விகலை என்று வைத்தாலும், 10 அடி நூலில் அடியில் சாய்வது ஒரு தலைமுடியின் தடிமன் வரும். மலை நிஜமாகவே இழுக்கத்தான் செய்கிறது என்றேன்.

"ஒரு முடியா?" என்றார். "விடு தம்பி, பூச்சுல சரியாயிரும்."