நான்தான் மக்மல்பாஃப்

உலக சினிமா தொடர் – 11

டெஹ்ரானில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார் உசேன் சப்ஸியான். அச்சகத் தொழிலாளி, இப்போது வேலை இல்லை. கையில் ‘சைக்கிளிஸ்ட்’ படத்தின் திரைக்கதைப் புத்தகம். அது எங்கே கிடைக்கும் என்று பக்கத்து இருக்கைப் பெண்மணி விசாரிக்க, எழுதியதே நான்தான் என்று சொல்லிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் இயக்குநர் மோசென் மக்மல்பாஃப்.

பொய் வளர்கிறது. அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், கொஞ்சம் பணம் கைமாற்றாக வாங்குகிறார். உங்கள் வீட்டில்தான் அடுத்த படம் எடுக்கப்போகிறேன், உங்கள் மகன்தான் நடிகர் என்கிறார். கடைசியில் போலீஸ் வருகிறது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அப்பாஸ் கியாரோஸ்தமி, தொடங்கவிருந்த படத்தை ஓரம்கட்டிவிட்டு இதை எடுக்கக் கிளம்பினார். அதுதான் 1990இல் வந்த ‘க்ளோஸ்-அப்’. ஏமாற்றியவர், ஏமாந்தவர்கள், செய்தி எழுதியவர் எல்லோரும் அவரவராகவே நடித்திருக்கிறார்கள்.

கைது நடக்கும் காட்சியை வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள்ளேதான் எடுத்திருப்பார்கள். கியாரோஸ்தமி வாசலில் டாக்ஸி டிரைவரோடு நின்றுவிடுகிறார். குப்பைச் சருகிலிருந்து டிரைவர் சில பூக்களைப் பொறுக்குகிறார். ஒரு காலி டப்பாவை உதைக்கிறார். அது சரிவில் உருண்டு உருண்டு போகிறது, கேமராவும் விடாமல் பின்னாலேயே போகிறது. ‘என்ன படம் இது’ என்று எழுந்துபோனவர்களை எனக்குத் தெரியும். எனக்கோ அந்த டப்பா நிற்கும்வரை கண்ணை எடுக்க முடியவில்லை. பரபரப்புச் செய்திக்காக ஓடிவந்த நிருபரிடம் டேப் ரெக்கார்டர் கிடையாது. அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டி இரவல் கேட்டு அலைகிறார். உள்ளே ஒருவரின் மானம் போகிறது, வெளியே இந்தக் கூத்து.

படத்தின் உயிர் நீதிமன்றத்தில் இருக்கிறது. கேமராக்களில் ஒன்று உன் முகத்தை மட்டும் பார்க்கும், மற்றவர்களுக்குப் புரியவைக்க முடியாததை அதனிடம் சொல் என்று சப்ஸியானிடம் சொல்லிவைக்கிறார் கியாரோஸ்தமி. அவரும் கொட்டித் தீர்க்கிறார். பணத்துக்காகச் செய்யவில்லை, அந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடைத்தது, நான் சொன்னதைக் கேட்டார்கள் என்கிறார். ‘பயணி’ படத்துச் சிறுவன் நான்தான் என்றும் சொல்கிறார். அது கியாரோஸ்தமியே 1974இல் எடுத்த படம். கால்பந்துப் போட்டி பார்க்க டெஹ்ரான் போகக் காசில்லாத பையன், பிலிம் இல்லாத கேமராவைக் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுப்பதாக ஏய்த்துக் காசு சேர்ப்பான். பொய்க் கேமரா வைத்திருந்த பையனை நினைத்துத்தான் பொய் இயக்குநர் ஆறுதல் அடைகிறார்.

ஏமாந்த குடும்பத்தையும் படம் கேலி செய்வதில்லை. இன்ஜினீயரிங் படித்த ஒரு மகன் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சினிமா வாசல்வரை வந்து நின்றால் யாருக்குத்தான் கதவைத் திறக்கத் தோன்றாது? கடைசியில் புகாரைத் திரும்பப் பெறுகிறார்கள்.

சரி, கியாரோஸ்தமி மட்டும் யோக்கியமா? நீதிபதி கிளம்பிய பிறகும் மணிக்கணக்கில் கேமராவை ஓடவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். விடுதலையான சப்ஸியானை அசல் மக்மல்பாஃப் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது மைக் கோளாறால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது. அந்தக் கோளாறும் வேண்டுமென்றே செய்ததுதான். இதை மோசடி என்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. சப்ஸியான் சொன்ன பொய் என்ன? உங்கள் வீட்டில் படம் எடுப்பேன், உங்களை நடிக்கவைப்பேன் என்பதுதானே? அந்த வீட்டில் படம் எடுக்கப்பட்டது, அவர்கள் நடித்தார்கள், உலகமே பார்த்தது. ஒருவன் சொன்ன பொய்யை இன்னொருவர் உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறார். கியாரோஸ்தமியின் படங்களில் இதற்குத்தான் என் ஓட்டு, ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’க்கு அல்ல.

மன்னிப்புக் கேட்க அந்த வீட்டு வாசலில் நின்று சப்ஸியான் முதலில் தன் சொந்தப் பெயரைச் சொல்கிறார். உள்ளே புரியவில்லை. பிறகு மக்மல்பாஃப் என்கிறார், புரிந்துவிடுகிறது. சப்ஸியான் 2006இல் காலமானார்.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் ‘பயணி’யைப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரப் படம்தான். அதற்குப் பிறகு ‘க்ளோஸ்-அப்’ பார்த்தால் சப்ஸியானின் வாக்குமூலம் வேறு மாதிரி கேட்கும்.