அழுத்தினால் பிறக்கும் மின்சாரம்

அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பற்றரி போடாத அந்தப் பழைய ரகத்தைத்தான் சொல்கிறேன். ‘டிக்’ என்று அழுத்தினால் பொறி பறக்கிறது. உள்ளே பற்றரியும் இல்லை, வயர் இழுத்துக் கரண்டும் கொடுக்கவில்லை. பிறகு அந்தப் பொறி எங்கிருந்து வந்தது?

லைட்டருக்குள் ஒரு சிறு பீங்கான் துண்டு இருக்கிறது. விசையை அழுத்தும்போது ஒரு குட்டிச் சுத்தியல் அதை ஓங்கி அடிக்கிறது. அடி விழுந்ததும் பீங்கானுக்குள் இருக்கும் நேர், மறை மின்னேற்றங்கள் இடம் பெயர்கின்றன. அதுவே பொறியாகப் பாய்கிறது. அழுத்தமின் விளைவு என்று இதற்குப் பெயர்.

இந்தக் கதையில் நம் நாட்டுக் கல்லுக்கும் பங்குண்டு. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மாணிக்க வியாபாரம் செய்தவர்களாயிற்றே! 1700களின் ஆரம்பத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து தோரமல்லிக் கற்களைக் கொண்டு போனார்கள். சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலை இழுத்தது. ‘சாம்பல் இழுப்பான்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1880இல் பிரான்ஸ் நாட்டின் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் அதே கல்லை அழுத்தியும் மின்னேற்றம் வரக் கண்டார்கள். பளிங்குக் கல்லும், ஏன், கரும்புச் சீனியின் பளிங்கும்கூட அப்படித்தான் நடந்துகொண்டன.

கல்லும் பீங்கானும் வளையாது, வளைத்தால் உடையும். லைட்டர் பீங்கானில் ஈயமும் கலந்திருக்கிறது. 1969இல் ஜப்பானியரான கவாய் என்பவர் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கிலும் இதே குணம் இருப்பதைக் கண்டறிந்தார். வளையும், மடங்கும், ஈயமும் இல்லை.

அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஊசிமுனை வழியாக விட்டு, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து இழுக்கிறார்கள். பெருநாள் கடையில் பம்பாய் முட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்தக் காட்சிதான். ஆனால் இந்த இழை நம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு தடிப்புக்கூட இராது. இழுபடும்போதே உள்ளிருக்கும் மின்னேற்றங்கள் ஒரே திசையில் அணிவகுத்து விடுகின்றன. இழைகள் படிந்து துணிபோல் ஆனதும், ஆட்டினாலும் அதிர்ந்தாலும் மின்சாரம் தருகிறது.

“அப்படியானால் தையல் மெஷினின் அதிர்வில் வீட்டுக்கே வெளிச்சம் எடுக்கலாமா?” என்று கேட்பீர்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முடியாது. இத்தகைய சிறு துணித்துண்டு தருவது பெரும்பாலும் மைக்ரோவாட் கணக்கில்தான். ஐந்து வாட் பல்பு ஒன்றுக்கு ஐம்பது இலட்சம் மைக்ரோவாட் வேண்டும். ஆட்டினால் வீட்டுக்கே கரண்ட் வரும் என்று யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் காசைக் கொடுத்து விடாதீர்கள்.

இதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்த உம்மும்மா ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். சில வருடங்களில் பற்றரி தீர்ந்ததும் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். துருக்கியில் பிறந்த கனான் டாக்டெவிரன் என்ற பெண் விஞ்ஞானியின் பாட்டனார் 28 வயதிலேயே இதயநோயால் இறந்துபோனார். அந்தப் பேத்தி அமெரிக்காவில் தன் குழுவினருடன் ஒரு மெல்லிய வளையும் பட்டையைச் செய்து, ஆடு மாடுகளின் இதயத்தில் ஒட்டினார்; துடிப்பிலிருந்தே மின்சாரம் வந்தது. 2014இல் இதை வெளியிட்டார்கள். அதில் பயன்பட்டது ஈயம் கலந்த ரகம்தான், உடலில் படாதபடி பொதிந்து வைத்திருந்தார்கள். ஈயமில்லாத பிளாஸ்டிக் இழையின் பின்னால் இத்தனை பேர் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஹந்தானை மலையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் இதே முறையில் இழுத்த நுண்ணிழைகளைச் சூரிய மின்கலங்களில் வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பேராசிரியர் ரவி சில்வா, இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகத்தில் நம் நாட்டவரான இஷார தர்மசேனவுடன் சேர்ந்து, உராய்வால் மின்சாரம் பிறப்பதைப் பற்றி 2017இல் ஆய்வு வெளியிட்டார். அது வேறு வழி, ஆனால் நாட்டம் ஒன்றுதான்.

அடுத்த முறை இரவில் கரண்ட் போனால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் இருட்டில் கண் பழகட்டும். பிறகு ஒரு கற்கண்டுத் துண்டைக் குறட்டால் நொறுக்குங்கள். பளிங்கு பிளக்கும் அந்த நொடியில் மங்கலான நீல ஒளி ஒன்று மின்னி மறையும்.