வணிகர் தந்த மகப்பேற்று மனை

செல்வம் படைத்தோர் அறம் செய்யும் வழிகள் பல. கோயில் திருப்பணி செய்வோர் உளர். மடம் கட்டுவோரும் கேணி தோண்டுவோரும் உளர். பாடசாலை நிறுவுவோரும் உளர். நோயாளருக்கென வைத்தியசாலை அமைத்தல் இவற்றினின்றும் சற்று வேறுபட்டது. நல்ல ஊற்றுள்ள இடத்தில் ஒரு கேணியைத் தோண்டிவிட்டால் அது பல்லாண்டு நீர் தரும். வைத்தியசாலையோ கட்டி முடித்த நாள்முதல் வைத்தியரையும் தாதியரையும் மருந்தையும் நாள்தோறும் வேண்டி நிற்பது. ஆதலால், அங்கே கொடையாளி ஒருவரின் கை மட்டும் போதுவதில்லை. இதனை விளக்க நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. அதுவே கொழும்பிலுள்ள டி சொய்சா மகளிர் வைத்தியசாலை.

சாள்ஸ் ஹென்றி டி சொய்சா 1836இல் மொறட்டுவையில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஜெரோனிஸ் டி சொய்சா முதலியார் சாராயக் குத்தகையாலும் வணிகத்தாலும் பொருளீட்டி, பின்னர் ஹங்குராங்கெத்தையில் கோப்பித் தோட்டம் கண்டவர். ஐரோப்பியர் கையில் இருந்த அத்தொழிலில் துணிந்து இறங்கிய முதல் இலங்கையருள் அவரும் ஒருவர். மைந்தர் அச்செல்வத்தைப் பெருக்கினார். கோப்பி, தென்னை, கறுவா எனத் தோட்டங்கள் விரிந்தன. 1870இல் எடின்பரோக் கோமகன் இலங்கைக்கு வந்தபோது, அவருக்கு விருந்தளிக்கும் அளவுக்கு அவர் நிலை உயர்ந்திருந்தது.

அத்தகைய ஒருவர் புகழ் வேண்டிக் கொடுப்பதானால் கண்ணைக் கவரும் மாளிகை ஒன்றை எழுப்பியிருக்கலாம். அவர் கருத்துச் சென்றதோ பிள்ளைப்பேற்றுக்கு வழியற்ற ஏழைத் தாய்மார் மீது. அந்நாளில் கொழும்பில் பொது வைத்தியசாலை இருந்தது. 1870இல் வைத்தியக் கல்லூரியும் தோன்றியிருந்தது. ஆயினும், பிள்ளைப்பேறு வீட்டிலேயே, ஊர் மருத்துவச்சியின் கையிலேயே நிகழ்ந்து வந்தது. இயல்பான பேற்றுக்கு அவளுடைய அனுபவம் போதும். குழந்தை குறுக்கே கிடந்தாலும், குருதிப்பெருக்கு நில்லாதொழிந்தாலும், பேற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டாலும் அவளால் செய்யக்கூடியது சிறிதே. இடர் மிகுந்த அவ்வேளையில் பயின்ற கையும் தூய்மையான அறையும் அருகில் இருத்தல் வேண்டும். அதற்கெனவே டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறந்து வைக்கப்பட்டது.

அக்காலத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த பத்தாண்டில் அத்தொழிலே சரிந்து வீழ்ந்தது. கோப்பிக்கு இவ்வாறு இறங்குமுகமாய் இருந்த காலத்தில் எழுந்தது இக்கொடை.

இங்கே வேறொன்றையும் மறத்தல் ஆகாது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் ஈட்டிய செல்வத்தின் பின்னே, தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து காடு வெட்டி உழைத்த தமிழ் மக்களின் வியர்வை உண்டு. கொழும்பில் எழுந்த மனையின் பயன் தோட்டத்துத் தாயை எளிதில் எட்டவில்லை. வைத்தியசாலை தலைநகரில் இருந்தால் மட்டும் போதாது. அதன் அறிவு தொலைவிலுள்ள குடிசைக்கும் நடந்து செல்லல் வேண்டும்.

அந்த நடை மெதுவாகவே நிகழ்ந்தது. மனையில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். வைத்திய மாணவரும் பேறு பார்க்கக் கற்றனர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், பயின்ற மருத்துவச்சி வீடுதேடிச் செல்லும் முறை நாட்டில் வேரூன்றியது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும், புதிய மருந்துகளும், பெண் கல்வியும், இலவச வைத்தியமும் ஒன்றுகூடி விளைத்த பயன் இது. தனியொருவர் கொடை இதனைச் செய்ததெனல் மிகையாகும். அக்கொடை நல்ல தொடக்கங்களுள் ஒன்றாயிற்று எனல் பொருந்தும்.

டி சொய்சா 1890இல் தமது 54ஆவது வயதில் விசர்நாய்க்கடி நோயால் காலமானார். பிரான்சில் பாஸ்தர் அந்நோய்க்குத் தடுப்பூசி கண்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எத்துணைப் பொருள் இருந்தும், உரிய மருந்து அருகில் இல்லாதவிடத்து உயிரைக் காத்தல் அரிது. பின்னர் அவர் குடும்பத்தார் நோய்க்கிருமிகளை ஆராயும் நிலையம் ஒன்றுக்கு உதவினர். இன்றைய வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

நேயர்களே, கொடையாளியின் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது. ஆயின், 1879இல் எழுந்த மனையை இன்றுவரை வாழவைத்தோர் வேறு பலர். இரவெல்லாம் கண்விழித்த தாதியரும், வரி செலுத்திய பொதுமக்களும் அவருள் அடங்குவர். நம் ஊர் வைத்தியசாலைக்கு ஒருவர் கட்டடம் தந்தால், அதனைத் தூய்மையாகக் காத்தலும், குறை கண்டால் உரியவரிடம் எடுத்துரைத்தலும், வேண்டும்போது இரத்ததானம் செய்தலும் நம் பங்காகும். செல்வர் ஒருவர் ஒருமுறை கொடுத்தார். மற்றையோர் நாள்தோறும் கொடுத்து வந்தமையாலேயே அக்கொடை நிலைபெற்றது.